நிறுத்திய பிறகு என்ன மிஞ்சும்?

"மாத்திரை போடலாமா, இல்லை யாரிடமாவது போய்ப் பேசலாமா?" மருந்துக் கடையில் இந்தக் கேள்வி வரும் விதமே தனி. முதலில் இருமல் மருந்து வாங்குவார்கள். அடுத்து தலைவலி மாத்திரை. மீதிச் சில்லறையைப் பையில் போட்டுக்கொண்டு, பின்னால் யாரும் நிற்கவில்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எனக்கு இல்லை, என் தங்கைக்கு" என்று தொடங்குவார்கள். அந்தத் தங்கை பெரும்பாலும் எதிரே நிற்பவர்தான்.

ஒரு வரியில் பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. மனநல மாத்திரை எல்லாம் விஷம் என்று காணொளியில் முழங்குகிறவரும் சரி, மூளையில் ஒரு ரசாயனம் குறைந்துவிட்டது, ஊற்றினால் நிரம்பிவிடும் என்று காருக்குப் பெட்ரோல் போடுகிற கணக்கில் பேசுகிறவரும் சரி, இருவரும் எதையோ விற்கிறார்கள்.

நான் பாளையங்கோட்டைக்காரி. திருமணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து, இங்கே பதிவுக்கான தேர்வுகளை எழுதி, சாட்ஸ்வொர்த்தில் மருந்தாளுநராக இருக்கிறேன். என் புகுந்த வீட்டார் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னையிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழி. முதல் கப்பல் ட்ரூரோ 1860 நவம்பரில் டர்பனை அடைந்தது. ஐந்து தலைமுறைக்குப் பிறகு வீட்டில் தமிழ் சாமி அறையிலும் சமையலறையிலும்தான் இருக்கிறது. மனம் சரியில்லை என்பதை எந்த மொழியிலும் வெளியே சொல்லாத பழக்கம் மட்டும் எங்கள் ஊரில் இருப்பது போலவே இங்கேயும் பத்திரமாக இருக்கிறது.

எது சிறந்தது என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பேன்: எந்த நோய்க்கு? எவ்வளவு கடுமை? எவ்வளவு காலத்துக்கு? மூன்றாவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. இன்றிரவு தூக்கம் வருமா என்பதே எல்லோருக்கும் கவலை, அது நியாயமும்கூட. ஆனால் ஒரு சிகிச்சையை நிறுத்திய பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க ஆரம்பித்தால், கடை அலமாரியில் நான் அடுக்கி வைத்திருக்கும் வரிசையே மாறிவிடுகிறது. அதைத்தான் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, உங்கள் மருந்துச் சீட்டை இதை வைத்து மாற்றாதீர்கள். கீழே வரும் உறவினர்கள் இருவரும் எழுதச் சம்மதித்தார்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

என் நாத்தனார் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் குடியிருக்கிறாள். 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகள் சூறையாடப்பட்டு, சாலைகள் அடைபட்டு, தெருமுனைகளில் ஆண்கள் இரவெல்லாம் காவல் நின்ற நாட்களில் அவள் வீட்டுக்கு நேரடியாக எதுவும் நடக்கவில்லை. குழந்தைகளுக்குப் பாலும் ரொட்டியும் கிடைக்குமா என்று கவலைப்பட்டதோடு அது போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சில மாதங்கள் கழித்து, எம்41 சாலையில் அம்ஹ்லாங்கா நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, மூச்சு முட்டி, இதோ சாகப்போகிறோம் என்று காரை ஓரங்கட்டினாள். மருத்துவமனையில் இதயத்துடிப்புப் பதிவு சரியாக இருந்தது. இரத்தமும் சரி. கையில் அல்பிரசோலம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

அல்பிரசோலம், லோராசெபாம், டயசெபாம் எல்லாம் பதற்றம் தணிக்கும் ஒரே குடும்பம். விழுங்கிய அரை மணி, ஒரு மணியில் தோள்கள் இறங்கும். வேகத்தில் இவற்றை வெல்ல வேறு எதுவும் இல்லை. வலிப்புக்கும், குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்துக்கும் இவை உயிர் காக்கும் மருந்துகள். பதற்றத்துக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும் என்பதே பொதுவான வழிகாட்டுதல். அதற்கு மேல் போனால் உடல் பழகிக்கொள்ளும், அதே பலனுக்கு அதிக அளவு கேட்கும். திடீரென்று நிறுத்தினால் முன்பிருந்ததைவிடப் பெரிய பதற்றம் வரும், வலிப்பும் வரலாம். மதுவோடும், டிரமடால், கோடீன் போன்ற வலி மருந்துகளோடும் சேர்ந்தால் மூச்சையே மந்தப்படுத்தும். வயதானவர்கள் இரவில் கழிவறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வதில் இவற்றுக்குப் பங்குண்டு. தென்னாப்பிரிக்காவில் இவை ஐந்தாம் அட்டவணை மருந்துகள். ஒரு சீட்டுக்கு ஆறு மாதத்துக்கு மேல் தர முடியாது. ஆறு மாதம் முடிந்த மறுநாளே புதுச் சீட்டோடு வந்து நிற்கிறவர்களை எனக்கு முகம் பார்த்தே தெரியும்.

நாத்தனார் விஷயத்தில் நான் கவனித்தது வேறு. அவள் மாத்திரையை விழுங்கியதே குறைவு. ஆனால் அட்டை கைப்பையில் இல்லாமல் வாசற்படி தாண்டமாட்டாள். பிரிக்காத அட்டையாக இருந்தாலும் போதும். சந்தைக்குப் போய் ஒன்றும் ஆகாமல் திரும்பினால், அந்தப் பெருமை அவளுக்குச் சேராது, அட்டைக்குச் சேரும். இப்படி எத்தனை முறை வெளியே போய் வந்தாலும் மனம் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

உளவியலாளர் ஒருவரிடம் போனாள். இரண்டாவது சந்திப்பிலேயே அவர் ஒரு மெல்லிய உறிஞ்சுகுழாயைக் கொடுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு அதன் வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விடச் சொன்னார். அடுத்து சுழலும் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றினார். மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னார். படபடப்பு, தலைச்சுற்றல், மூச்சுமுட்டல் என்று அவள் எதற்கெல்லாம் அஞ்சினாளோ அதையெல்லாம் வேண்டுமென்றே வரவழைத்து, அது தானாகவே இறங்கும்வரை உட்கார்ந்து பார்ப்பதுதான் பயிற்சி. இதைக் கேட்ட என் அத்தை, "ஆயிரம் ராண்டு வாங்கிக்கொண்டு நாற்காலியில் சுற்றிவிடுகிறார்களா? மினி டவுன் பக்கம் ராட்டினத்தில் ஏறினால் இருபது ராண்டோடு முடிந்திருக்குமே" என்றார்கள்.

பிறகு ஏணி. மின்கட்டண ரசீதின் பின்புறத்தில் நாத்தனார் தன் கையால் எழுதியதை நான் பார்த்தேன். அடியில்: வாசலில் நிறுத்திய காரில், என்ஜினை ஓடவிட்டு உட்காருவது. அடுத்து: தெருக்கோடிவரை, கணவர் பக்கத்தில். அடுத்து: மவுன்ட் எட்ஜ்கோம்ப் வரை, கணவர் பின்னால் வேறு காரில். அடுத்து: அதே தூரம், தனியாக. மேலே போகப்போக எம்41, பிறகு மாலை நெரிசலில் எம்41. உச்சியில்: கேட்வே அங்காடிக்குத் தனியாக, கைப்பையில் அட்டை இல்லாமல். கடைசி நான்கு சொற்களின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தாள். ஒவ்வொரு படிக்கும் எதிரே, போவதற்கு முன் பயம் நூற்றுக்கு எவ்வளவு, திரும்பி வந்தபின் எவ்வளவு என்று இரண்டு எண்கள். ஒரு படியில் எண் பாதியாக இறங்காமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது.

இந்த ஏணிக்கும் இந்த மண்ணுக்கும் உறவுண்டு என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. ஜோசப் வோல்பி 1915இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் தென்னாப்பிரிக்க ராணுவ மருத்துவராக இருந்தபோது, போரில் மனம் உடைந்த வீரர்களுக்கு மயக்கமருந்து கொடுத்துப் பேசவைக்கும் அன்றைய வழக்கம் பெரிதாகப் பலன் தரவில்லை என்று கண்டார். பிறகு விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பூனைகளை வைத்து ஆராய்ந்து, பயத்தைச் சிறு சிறு படிகளாக எதிர்கொள்ளவைக்கும் முறையை உருவாக்கி 1958இல் விரிவாக வெளியிட்டார். அவருடைய வட்டத்தில் இருந்த ஆர்னால்ட் லாசரஸும் ஸ்டான்லி ராக்மனும் ஜோகன்னஸ்பர்க்காரர்களே. மூவரும் பின்னர் நாட்டை விட்டுப் போனார்கள், முறை உலகமெங்கும் பரவியது. வோல்பி ஒவ்வொரு படியிலும் உடலைத் தளர்த்தச் சொன்னார். அந்தத் தளர்வு அவ்வளவு அவசியமில்லை, பயத்தின் முன் நிற்பதுதான் வேலை செய்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. படபடப்பை மாரடைப்பு என்று மனம் தப்பாகப் படித்துக்கொள்வதே நாத்தனாருக்கு வந்த பீதி நோயின் அச்சாணி என்ற விளக்கம் 1986இல் இங்கிலாந்திலிருந்து வந்தது. உறிஞ்சுகுழாயும் சுழல் நாற்காலியும் இந்தச் சிந்தனையின் வழி வந்தவை.

பீதி நோய்க்கு மாத்திரை உதவாதா என்றால், நன்றாகவே உதவும். செர்ட்ராலின், பராக்செட்டின் போன்றவை பல ஆய்வுகளில் தேறியவை. முதல் வாரத்தில் படபடப்பைக் கூட்டுவதால் பாதி அளவில் தொடங்குவார்கள். சிகிச்சை நடக்கும் காலத்தில் மாத்திரைக்கும் பயிற்சிக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. நிறுத்தினால் தெரியும். 2000இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் 312 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு வெளியாயிற்று. மருந்து அன்று வழக்கத்தில் இருந்த இமிப்ரமின். நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பயிற்சி மட்டும் பெற்றவர்கள் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள். பயிற்சியோடு மருந்தும் சேர்த்து எடுத்தவர்கள் அவர்களைவிட அதிகம் சறுக்கினார்கள். இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்பு நன்மை என்று நாம் போடும் கணக்கு இங்கே பலிக்கவில்லை. கைப்பை அட்டையைப் பார்த்தவளுக்கு அது வியப்பாக இல்லை. வெற்றி மாத்திரையின் பெயரில் வரவு வைக்கப்பட்டிருக்கும் என்பது என் ஊகம்.

நாத்தனாருக்கு இன்னமும் எப்போதாவது படபடப்பு வருகிறது. இப்போது அவள் காரை ஓரங்கட்டுவதில்லை. அல்பிரசோலத்தை மருத்துவர் பல வாரங்களில் படிப்படியாகக் குறைத்தார்.

இதை அப்படியே மனச்சோர்வுக்குப் பொருத்தினால் கதை மாறும். என் கணவரின் சித்தப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சித்தி இறந்த பிறகு ஒரு வருடம் எல்லோரையும் போலத் துக்கத்தில்தான் இருந்தார். பிறகு அது துக்கமாக இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, பேரன் வந்தாலும் முகத்தில் அசைவில்லை. இந்த ஊர் இந்தியர்களின் உயிரான 'துனீ' சீட்டாட்டத்துக்கு நால்வர் வேண்டும். நான்காவது நாற்காலி காலியாகவே கிடந்ததால் நண்பர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். "நான் இருந்தென்ன?" என்று அவர் ஒருமுறை சொன்னபோது கணவர் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

நல்ல மருத்துவர். சீட்டு எழுதுவதற்கு முன்பே தைராய்டு, இரத்தசோகை, பி12, சர்க்கரை எல்லாம் பார்த்தார். தைராய்டு சுரப்பு குறைந்தாலே ஆள் சோர்ந்து மனச்சோர்வு போலத் தெரிவார். ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு, மொத்தம் 27 மதிப்பெண். சித்தப்பாவின் எண் இருபதைத் தாண்டியது, அதாவது கடுமையானது. இங்கேதான் எவ்வளவு கடுமை என்ற இரண்டாவது கேள்வி முக்கியமாகிறது. இலேசான மனச்சோர்வுக்கு எடுத்த எடுப்பில் மாத்திரையை வழக்கமாகத் தர வேண்டாம் என்று இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டுதல் 2022இல் தெளிவாகவே சொல்கிறது. பேச்சு சிகிச்சை, உடற்பயிற்சி, வழிகாட்டுதலோடு தானே படித்துச் செய்யும் பயிற்சிகள் முன்னால் வருகின்றன. கடுமையானதற்கு மாத்திரையும் பேச்சும் சேர்ந்ததே, தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல். எழுந்து பல் துலக்கவே தெம்பில்லாதவரை ஏணி ஏறச் சொல்ல முடியாது.

சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையைத் தொடங்கினார்கள். இதைப் பற்றி எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்வது பாதி சிகிச்சை. 2018இல் லான்செட் இதழில் 21 மனச்சோர்வு மருந்துகளை, 522 ஆய்வுகளை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஒன்றாக வைத்து ஒப்பிட்டார்கள். இருபத்தொன்றும் வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தன. வேறுபாடு மிதமானது. ஒன்றுக்கொன்று வித்தியாசம் இன்னும் குறைவு. அமெரிக்காவில் 2006இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வில், முதலில் கொடுத்த மருந்திலேயே முழுவதும் தெளிந்தவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கினர். மற்றவர்களுக்கு மருந்து மாற்ற வேண்டும், சேர்க்க வேண்டும். "ஒரு மாத்திரை போட்டேன், கேட்கவில்லை, மாத்திரையே பொய்" என்று நிறுத்துகிறவர்கள் வரிசையின் முதல் ஆளோடு கடையை மூடுகிறார்கள்.

முதல் இரண்டு வாரங்களில் குமட்டல், தூக்கக் கேடு எல்லாம் வந்துவிடும், பலன் மட்டும் வராது. நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பாலுறவு ஆர்வம் குறையும் என்பதைச் சொல்ல இந்த ஊரில் பலருக்குக் கூச்சம். நான் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் காரணம் தெரியாமல் வீட்டில் வேறு சண்டை தொடங்கும். 25 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் அதிகரிக்கக்கூடும் என்பதால் வீட்டார் கண் வைத்திருக்க வேண்டும். அப்படி எண்ணம் எந்த வயதில் வந்தாலும் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் 0800 567 567, இந்தியாவில் 14416, இலங்கையில் 1926. மூன்றும் உதவி எண்கள். வாழ்க்கையில் எப்போதாவது சில நாட்கள் தூக்கமே இல்லாமல் அளவுகடந்த உற்சாகத்தில் பறந்திருந்தால், காசை வாரி இறைத்திருந்தால், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இருதுருவ நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் ஆளை மறுதுருவத்துக்குத் தள்ளிவிடலாம்.

சித்தப்பாவுக்கு வந்த தொல்லை நான் அடிக்கடி பார்ப்பது. அவர் இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் போக்கும் மாத்திரை ஒன்றும் எடுத்துவந்தார். இரண்டும் சேர்ந்து வயதானவர்களின் உப்பு அளவை இறக்கும். மூன்றாம் வாரம் நடை தள்ளாடி, தேநீரில் சர்க்கரை போட்டோமா என்று தெரியாமல் விழித்தார். முதுமை மறதி என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. மருந்தை மிர்ட்டசாபினுக்கு மாற்றினார்கள். அது தூக்கத்தையும் பசியையும் கூட்டும், எடை ஏறும். எடை ஏறுவது இளம்பெண்ணுக்குக் குறை, எலும்பும் தோலுமாக இருந்த சித்தப்பாவுக்கு வரம். எந்த மருந்து சிறந்தது என்பதைப் பல நேரம் பக்கவிளைவுதான் முடிவு செய்கிறது.

கொஞ்சம் தெம்பு வந்ததும் உளவியலாளர் அவரிடம் மனதின் ஆழத்தைத் தோண்டவில்லை. ஒரு வார அட்டவணை போட்டார். காலையில் கறிவேப்பிலை மரத்துக்குத் தண்ணீர். பத்து மணிக்கு, முனையில் உள்ள டீ ரூமுக்கு நடந்து போய்ச் செய்தித்தாள் வாங்குவது. டீ ரூம் என்று இங்கே சொல்வது பெட்டிக்கடையை, டீ கிடைக்காது. வியாழக்கிழமை துனீ, ஆடாவிட்டாலும் போய் உட்காருவது. "மனம் வந்தால் போகிறேன்" என்பது சித்தப்பாவின் வாதம். போனால் மனம் வரும் என்பது சிகிச்சையின் வாதம். இவ்வளவு எளிய முறை, எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் விரிவான சிந்தனை சிகிச்சைக்குக் குறைந்ததில்லை என்று இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வு சொன்னது. நடை, யோகா, எடை தூக்கும் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் குறைப்பதையும் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. டர்பன் கடற்கரை நடைபாதை இலவசம்.

அவர் எப்போது மாத்திரையை நிறுத்தலாம்? தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்பது பொது விதி. முன்பும் வந்து போயிருந்தால், இன்னும் நீளும். 2021இல் வெளியான ஓர் ஆங்கில ஆய்வில், நெடுநாள் மாத்திரை எடுத்து நலமாக இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்கு, தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கு. இந்த எண்ணை இரு பக்கமும் படிக்கலாம். நிறுத்தியும் திரும்பாதவர்கள் நூற்றில் 44 பேர். 2015இல் வந்த இன்னோர் ஆய்வு, மனத்தைக் கவனிக்கும் பயிற்சியைக் குழுவாகக் கற்றுக்கொண்டே மாத்திரையைக் குறைத்தவர்களையும் மாத்திரையைத் தொடர்ந்தவர்களையும் இரண்டு வருடம் பின்தொடர்ந்தது. நோய் திரும்பியது முறையே 44, 47 விழுக்காடு. ஏறக்குறைய சமம். மாத்திரை இருக்கும்வரை காக்கிறது. கற்றுக்கொண்டது அதற்குப் பிறகும் ஓரளவு காக்கிறது. சர்க்கரை நோய்க்கு ஆயுள் முழுவதும் மாத்திரை போடுகிறவர்கள் இதற்கு மட்டும் வெட்கப்படுவது எனக்குப் புரிவதில்லை, தேவையானவர் வருடக்கணக்கில் எடுக்கட்டும். நிறுத்துவதாக இருந்தால் மட்டும் திடீரென்று நிறுத்தாதீர்கள். தலைக்குள் மின்சாரம் சுண்டியது போல இருக்கும், எரிச்சல் வரும், நோயே திரும்பிவிட்டது என்று பயந்துபோவீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயில், கை கழுவத் தூண்டும் பொருளைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் உட்காரும் பயிற்சிதான் தலைமையானது. மேலே சொன்ன ராக்மன் லண்டனில் இதில் பெரும்பணி செய்தவர். மாத்திரையும் உதவும், ஆனால் அளவு அதிகம், காத்திருப்பு பத்துப் பன்னிரண்டு வாரம். மின்னதிர்வு சிகிச்சையைச் சினிமா கெடுத்துவைத்திருக்கிறது. உண்ணாமல் பேசாமல் கிடக்கும் கடுமையான மனச்சோர்வுக்கு, மயக்கமருந்து கொடுத்துச் செய்யப்படும் அதைப் போல விரைந்து பலன் தருபவை வெகு சில. நினைவில் கொஞ்சம் ஓட்டை விழலாம்.

மூலிகை. டர்பனின் வார்விக் சந்திப்பில் பாரம்பரிய மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கேப் பகுதியின் வறண்ட நிலத்தில் விளையும் 'கன்னா' என்ற செடியைச் சான், கொய் மக்கள் நூற்றாண்டுகளாக மென்றுவந்திருக்கிறார்கள். இன்று அது மாத்திரையாகவே வருகிறது. மனச்சோர்வு மாத்திரை தொடுகிற அதே செரோடோனினைத்தான் அதுவும் தொடுகிறது. அதனால்தான் இரண்டையும் சேர்க்காதே என்று தலையால் அடித்துக்கொள்கிறேன். ஐரோப்பியச் செடியான செயின்ட் ஜான்ஸ் வோர்ட் இலேசான சோர்வுக்கு உதவுவதற்குச் சான்று உண்டு, ஆனால் கருத்தடை மாத்திரையையும் எச்ஐவி மருந்தையும் பலவீனமாக்கும். எச்ஐவி மருந்து எடுப்பவர்கள் இலட்சக்கணக்கில் உள்ள நாட்டில் இது சின்ன விஷயமா? இயற்கையானது என்பதால் பட்டியலில் சொல்லாமல் விடுகிறார்கள். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் எதுவும் சொல்வதில்லை. கயிறு எந்த மருந்தோடும் மோதுவதில்லை.

எல்லாவற்றையும் ஒப்பிட்டு முடித்தபின் கடைசியில் நிற்பது பணம். தனியார் உளவியலாளரிடம் ஒரு மணி நேரம் ஆயிரம் ராண்டைத் தாண்டும். மாதத்துக்கான சாதாரண மாத்திரை அதில் சிறு பங்கு. மருத்துவக் காப்பீடு உள்ளவர்களே இந்த நாட்டில் சிறுபான்மை. இருப்பவர்களுக்கும் ஒரு செய்தி: கடுமையான மனச்சோர்வுக்கு, எல்லாத் திட்டங்களும் சட்டப்படி தந்தே ஆகவேண்டிய குறைந்தபட்சப் பலன்களின் கீழ், வருடத்தில் மூன்று வாரம்வரை மருத்துவமனையில் தங்கும் செலவு அல்லது வெளியில் 15 பேச்சு சிகிச்சைச் சந்திப்புகள் உண்டு. சித்தப்பாவின் திட்டம் முதலில் "சேமிப்புக் கணக்கு தீர்ந்தது" என்று ஒற்றை வரியில் கைவிரித்தது. நோய்க்குறியீட்டைச் சரியாகப் போட்டு, குறைந்தபட்சப் பலன் என்ற சொற்களை எழுதி மருத்துவர் கடிதம் கொடுத்ததும் பணம் வந்தது. இருதுருவ நோய் நீடித்த நோய்ப் பட்டியலில் இருக்கிறது, மனச்சோர்வு இல்லை, ஆகவே மாதாந்திர மாத்திரைக்குத் தனிப் போராட்டம். பீதி நோய் இரண்டு பட்டியலிலும் இல்லை. பேச்சு சிகிச்சை எந்த நோயில் மிக உறுதியாக நிற்கிறதோ, அதற்கு நாத்தனார் தன் கைக்காசைக் கட்டினாள்.

வழி இல்லாமல் இல்லை. எல்லைக்கு அப்பால் ஜிம்பாப்வேயில், மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஹராரேயின் எம்பாரே பகுதியில் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களுக்கு வெளியே மர பெஞ்சில் உட்காரவைத்தார். வருகிறவரின் பிரச்சினைகளைப் பட்டியலிட்டு, அதில் ஒன்றை மட்டும் எடுத்துத் தீர்வு தேடும் ஆறு சந்திப்புகள். 573 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானபோது, ஆறு மாதம் கழித்து பெஞ்சுக்கு வந்தவர்களுக்கு நோய்க்குறிகள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தன. கோவாவில் மருத்துவப் படிப்பு இல்லாத ஆலோசகர்கள் சித்தப்பாவின் அட்டவணை போன்ற சிகிச்சையைக் கொடுத்து நல்ல பலன் கண்டது 2017இல் வெளியாயிற்று.

சாட்ஸ்வொர்த்தில் பாட்டிமார்களுக்குப் பஞ்சமில்லை, கோயில் வளாகங்களில் நிழலுக்கும் பெஞ்சுக்கும் பஞ்சமில்லை. ஆடி மாதம் ஆயிரம் பேருக்குக் கூழ் ஊற்றுகிறவர்களுக்கு ஆள் திரட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. பயிற்சி கொடுக்க ஒருவரும், கடுமையானவர்களை அனுப்ப ஒரு மருத்துவமனையும் வேண்டும். எங்கள் கோயில் கமிட்டிக்கு இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். காவடி முடிந்த பிறகு கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். செலவு எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் போட்டுக்கொண்டு வரச் சொன்னார், அதைத்தான் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறேன்.